ஆசிரியர் பட்டம் இல்லாமல் கற்பிப்பவர் தொழில்நுட்பத் திறனுக்கு எப்படிச் சான்று காட்டுவது?

நூலகத்தில் வகுப்பு எடுக்கும் உங்களிடம் தொழில்நுட்பத் திறனுக்குச் சான்று கேட்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கணக்கு எழுதும் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவள். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தருகிறேன். எனக்கும் இதே கட்டம் வந்தது.

முதல் முறை நான் கொடுத்த கோப்பு திரும்பி வந்துவிட்டது. எக்செல் தெரியும், பவர்பாயின்ட் தெரியும், ஜூமில் வகுப்பு நடத்துவேன் என்று வரிசையாக எழுதியிருந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதனால் படிப்பவருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம்தான், ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன்கள் பற்றி யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட சட்டகத்தை, அதாவது என்னென்ன திறன் வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் ஆவணத்தை, உட்கார்ந்து படித்தேன். அதில் 18 திறன்கள், 6 பிரிவுகள். கருவிகளைக் கையாள்வது அந்த ஆறில் ஒன்றுதான்! மதிப்பீடு, கற்பிக்கும் முறை, நிர்வாகம் எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். கற்பிப்பவர்களுக்கான ஐரோப்பிய ஆணையத்தின் 2017 சட்டகம் 22 திறன்களை ஏ1 என்ற தொடக்க நிலை முதல் சி2 என்ற உச்ச நிலை வரை படிப்படியாக வைக்கிறது. உங்களிடம் கேட்பவர்கள் எதைப் பின்பற்றுகிறார்கள், எந்த நிலை போதும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை ஒரே ஒரு பாடத்தைத்தான் எழுதினேன். வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்பட்ட ஒருவர், வாரம் ஒருமுறை அதே பத்தியை செல்போனில் பதிவு செய்து தானே கேட்பார். எங்கே தடுமாறினோம் என்று அவரே சொல்வார். அந்தச் சொற்களை எக்செலில் குறித்து, அடுத்த வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்குவேன். ஆறு வார இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகள், அந்தச் சொல் பட்டியல், நான் பாடத்தை எப்படி மாற்றினேன் என்று அரைப் பக்கம். அவ்வளவுதான் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். குரலைக் கொடுக்குமுன் அவரிடம் சம்மதம் வாங்கி, பெயரை நீக்கிவிட்டேன். இதை விட்டுவிடாதீர்கள். படிப்பவரின் தகவலைக் காப்பதும் அந்தத் திறன்களில் சேர்ந்ததே.

சரி, நீங்கள் எப்படித் தொடங்கலாம்? நூலகப் பட்டியலில் தேடச் சொல்லிக்கொடுப்பீர்கள் அல்லவா, அதையே எடுங்கள். வகுப்புக்கு முன் ஒருவர் எப்படித் தேடினார், பிறகு எப்படித் தேடினார் என்று தேதியோடு அன்றன்றே குறித்து வையுங்கள். நான் பழையதை நினைவிலிருந்து தேடி எழுதவே மூன்று வாரம் போயிற்று.