அக்கா மகன் ஓட்டினான், வண்டி என் பெயரில்: வழக்கு யார் மேல்?

"அக்கா மகனுக்கு 17 வயது. என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் சிக்னலில் மாட்டிக்கொண்டான். யாருக்கும் அடி இல்லை. ஆர்சி என் பெயரில் இருக்கிறது. அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியாது. சாதாரண சலான் மாதிரி இதைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய காப்பாளரையோ வண்டி உரிமையாளரையோ அந்தப் பிரிவு குற்றவாளியாகவே கருதுகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதே குற்றம்தான், அதனால் யார் மீதும் மோதவில்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. 25,000 ரூபாய் அபராதம், கூடவே 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை, ஆர்சி 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸே எடுக்க முடியாது. படிப்பு முடித்து வேலைக்கு அலையும் வருடங்கள் முழுக்க வண்டி ஓட்ட முடியாது என்பதால், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடுமையாகப் படுகிறது.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சம்மதித்துத்தான் வண்டியைக் கொடுத்தீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் எடுத்தான், அல்லது அவன் கைக்குப் போகாமலிருக்கத் தேவையான கவனம் எல்லாம் எடுத்திருந்தீர்கள், இந்த இரண்டில் ஒன்றைக் காட்டினால் தண்டனை இல்லை. சாவி எங்கே இருந்தது, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், ஆபீஸ் வருகைப் பதிவு, போன் மெசேஜ், வாசலில் இருக்கும் சிசிடிவி பதிவு என்று கிடைப்பதை எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள், கேமரா பதிவு சீக்கிரம் அழிந்துவிடும்.

"கடைக்குப் போய்ட்டு வா" என்று நீங்களே சாவியைக் கொடுத்திருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு யாரையாவது "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லவைக்கும் யோசனையைச் சிலர் கொடுப்பார்கள். கேட்காதீர்கள், பொய்ச்சாட்சிக்குத் தனி வழக்கு வரும்.

16 வயதிலேயே எல்எல்ஆர் வாங்கலாமே என்றும் சொல்வார்கள். அது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அதற்குள் வராது.

இன்னொன்று, அவன் யார் மீதாவது மோதியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடமே வசூலிக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வண்டிக்கான சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பதும் கஷ்டம்.

பையன் மீதான விசாரணை உங்கள் வழக்கோடு சேர்ந்து நடக்காது, இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். அக்காவிடம் இதைச் சொல்லி, அழைப்பு வந்தால் வயதுச் சான்றோடு கூடப் போகச் சொல்லுங்கள். உங்களுக்கு சம்மன் வந்தால் வக்கீல் இல்லாமல் ஆஜராக வேண்டாம்.