மன்ஹாட்டனின் பழைய கோஆப் வீடுகள்: கேள்வி பதில்

நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் அப்பர் ஈஸ்ட் சைட், அப்பர் வெஸ்ட் சைட் பகுதிகளில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டப்பட்ட ‘கோஆப்’ என்னும் கூட்டுறவு அடுக்ககங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. அத்தகைய கட்டடங்களில் புதுப்பிப்பு வேலை செய்யும் கட்டடக் கலைஞன் நான். குடியிருக்கும் கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஜோதிடம் தெரியாது.

ஐயா, சென்னையில் அடுக்ககம் வாங்கினால் நிலத்தில் பிரிபடாத பங்கைப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். கோஆப்பிலும் அப்படித்தானே?

அப்படி இல்லை. நிலம், கட்டடம், லிஃப்ட், கொதிகலன், உங்கள் வரவேற்பறையின் சுவர் உட்பட எல்லாம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்த நிறுவனத்தின் பங்குகளை. குறிப்பிட்ட ஒரு வீட்டில் குடியிருக்கும் நீண்ட காலக் குத்தகை உரிமை அந்தப் பங்குகளோடு சேர்ந்து வருகிறது. கிரயப் பத்திரம் கிடையாது. பங்குச் சான்றிதழும் குத்தகை ஆவணமும்தான் கைக்கு வரும்.

எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்பதைப் பரப்பளவு, மாடி, ஜன்னல் பூங்காவைப் பார்க்கிறதா பின்கட்டைப் பார்க்கிறதா என்பதையெல்லாம் வைத்து முன்பே வகுத்திருப்பார்கள். மாதப் பராமரிப்புக் கட்டணமும் பங்குக் கணக்கில்தான். சொத்து வரி, ஊழியர் சம்பளம், குளிர்காலச் சூடேற்றல், கட்டடத்தின் மீது நிறுவனம் வாங்கிய கடனுக்கான தவணை எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கேட்பதே இல்லை. விலை மலிவாகத் தெரிகிறதே என்று ஒரு வீட்டைக் காட்டினால், முதலில் கட்டடத்தின் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று பார்ப்பேன்.

ஓர் ஆதாயமும் உண்டு. பங்கை ஈடாக வைத்து வாங்கும் கடன் என்பதால், நியூயார்க்கில் வீட்டு அடமானத்துக்குக் கட்டவேண்டிய பதிவு வரி கோஆப் வாங்குபவருக்கு இல்லை. ஆனால் பத்து லட்சம் டாலரும் அதற்கு மேலும் போகும் வீடுகளுக்கான ‘மாளிகை வரி’ உண்டு. அது 1 சதவீதத்தில் தொடங்கி, விலை ஏற ஏற 3.9 சதவீதம் வரை போகும். வாங்குபவர்தான் கட்ட வேண்டும்.

போருக்கு முந்தைய கட்டடம் என்றால் ஏன் இவ்வளவு மதிப்பு? பழையது என்பதைத் தவிர வேறென்ன?

வீட்டுக்குள் அறைகளை அமைத்த வரைபடம். 1912இல் ஃபிஃப்த் அவென்யூ 998ஆம் எண் கட்டடம் எழும்வரை, அடுக்ககத்தில் வசிப்பது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்றே பெரும் பணக்காரர்கள் நினைத்தார்கள். அவர்களைத் தனி மாளிகைகளிலிருந்து வெளியே கொண்டுவர, மாளிகையையே ஒரு மாடிக்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது. இந்தக் கலையில் தலைசிறந்தவர் சிசிலியில் பிறந்து நியூயார்க் வந்த ரொசாரியோ காண்டெலா. ஃபிஃப்த் அவென்யூ 834, பார்க் அவென்யூ 740 ஆகியவற்றில் அவர் கை இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் பெரஸ்ஃபர்ட், சான் ரெமோ ஆகிய கோபுரக் கட்டடங்களைத் தந்தவர் எமரி ராத்.

காண்டெலா வரைந்த வீட்டில் நுழைந்ததும் நடைபாதை வராது, ‘கேலரி’ என்னும் முகப்புக் கூடம் வரும். அங்கிருந்து விருந்தினர் ஒரு பக்கம் போவார்கள், படுக்கையறைகள் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், சமையலறையும் பணியாளர் அறைகளும் இன்னொரு பக்கம். மூன்றும் ஒன்றையொன்று இடிக்காது. உயரமான கூரை, மீன்முள் வடிவில் பதித்த ஓக் தரை, ஆணி அடித்தால் ஆணியே வளையும் பூச்சுச் சுவர் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். அலங்காரத்தை இன்றும் காசு கொடுத்துச் செய்யலாம். வரைபடத்தில் இவ்வளவு தாராளமாக இடம்விட இன்று எந்தக் கட்டுமான நிறுவனத்துக்கும் மனம் வராது.

‘கிளாசிக் சிக்ஸ்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆறு படுக்கையறையா?

இரண்டுதான். வரவேற்பறை, தனி உணவறை, சமையலறை, இரண்டு படுக்கையறைகள், சமையலறையை ஒட்டிப் பணிப்பெண்ணுக்கு ஒரு சிற்றறை என்று ஆறு. குளியலறைகள் கணக்கில் வராது. படுக்கையறை மூன்றானால் ‘கிளாசிக் செவன்’.

அந்தச் சிற்றறையைப் பூஜையறை ஆக்கலாமா?

பலர் கேட்கிறார்கள். அந்த அறையோடு ஒரு குட்டிக் கழிவறையும் ஒட்டியிருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

கோஆப்பில் வீடு வாங்க நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டுமாம், குழு காரணமே சொல்லாமல் நம்மை மறுக்கலாமாமே? அமெரிக்காவில் இது எப்படிச் செல்லும்?

செல்லும். இனம், மதம், பிறந்த நாடு, குடும்ப நிலை போன்ற காரணங்களுக்காக மறுப்பது சட்டவிரோதம். அதற்கு வெளியே, காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் குழுவுக்கு இல்லை. காரணமே சொல்லாதபோது பாகுபாட்டை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். குழுவில் உட்கார்ந்த பிறகும் அபிப்பிராயம் மாறவில்லை.

பெரிய பெயரும் உதவாது. 1979இல் முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் இங்கே கோஆப் வீடு தேடியபோது குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர் கடைசியில் யாருடைய அனுமதியும் தேவைப்படாத தனி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டார். 1985இல் பாடகி மடோனாவுக்குச் சான் ரெமோ இடம் தரவில்லை.

வரி அறிக்கைகள், வங்கிக் கணக்குகள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அடங்கிய கட்டு ஒன்றைத் தர வேண்டும். பிறகு நேர்காணல். அதில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “இந்தச் சுவரை இடித்துவிடலாம் என்றிருக்கிறேன்” என்று உற்சாகமாகச் சொல்லிவிடாதீர்கள். மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

வாங்கிக் குடியேறிய பிறகும் வெளியேற்ற முடியுமா?

முடியும். மேற்கு 67ஆம் தெருவில் 40ஆம் எண் கட்டடத்தில் ஒருவர் அண்டை வீட்டார் மீது ஓயாமல் புகார், துண்டுப் பிரசுரம், வழக்கு என்றே காலம் தள்ளினார். பங்குதாரர்கள் கூடி வாக்களித்து அவருடைய குத்தகையை முடித்தார்கள். 2003இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றது. அளவுக்கு மீறினால்தான் இந்த நிலை வரும். அதற்காக மேல்வீட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

20 சதவீதம் முன்பணம் போதுமா? கோவையில் அப்பா நிலம் விற்ற பணமும் வரும்.

சில கட்டடங்களில் போதும். பார்க், ஃபிஃப்த் அவென்யூ கட்டடங்கள் பலவற்றில் விலையில் பாதிக்கு மேல் கடன் வாங்க விடமாட்டார்கள். சிலவற்றில் கடனே கூடாது. எல்லாம் கட்டி முடித்த பிறகும் ஓரிரு வருடத் தவணையும் பராமரிப்பும் கட்டும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கோவைப் பணத்தை விண்ணப்பிக்கும் நேரத்தில் வரும் என்று காட்டாதீர்கள். அதற்கு முன்பே அமெரிக்க வங்கிக்கு வந்திருக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தாராளப் பணவனுப்பல் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்ப முடியும். அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக அனுப்பலாம் என்றாலும் கணக்குத் தணிக்கையாளரை இப்போதே பாருங்கள்.

சமையலறையைப் பெரிதாக்க வேண்டும். தாளிக்கும் புகை வெளியேற மின்விசிறியும் வேண்டும். நடக்குமா?

பெரும்பாலும் எஃகுச் சட்டகக் கட்டடங்கள் என்பதால் உட்சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. ஆனாலும் இடித்தால் உள்ளே கட்டடம் முழுவதற்கும் போகும் செங்குத்துக் குழாய் இருக்கும். அதை நகர்த்த முடியாது. கீழ்வீட்டின் படுக்கையறைக்கு மேலே உங்கள் சமையலறையோ குளியலறையோ வரக்கூடாது என்பதும் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களிலும் விதி. வேலை தொடங்குமுன் நிறுவனத்தோடு ஒப்பந்தம், காப்பீடு, வைப்புத்தொகை, கல்நார் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும். சில கட்டடங்களில் சத்தமுள்ள வேலைக்குக் கோடைக்காலத்தில் மட்டுமே அனுமதி.

புகைபோக்கிதான் சிக்கல். வெளிச்சுவர் உங்களுடையதல்ல. போதாததற்கு அப்பர் ஈஸ்ட் சைடின் ஒரு பகுதி 1981 முதல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி. முகப்பில் ஓட்டை போட நகரின் ஆணையம் எளிதில் ஒப்பாது. கரி வடிகட்டி வழியாகக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் விசிறிதான் கிடைக்கும். கருவாட்டுக்கு அது போதாது. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று வீடு பார்க்கும்போதே கவனியுங்கள்.

நான் பார்த்த கட்டடத்தைச் சுற்றி நடைபாதைக்கு மேல் சாரம் கட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கேள்வி வேண்டும். 1979இல் பர்னார்ட் கல்லூரி மாணவி ஒருவர் மேலிருந்து பெயர்ந்து விழுந்த முகப்புத் துண்டால் இறந்தார். மறு ஆண்டே சட்டம் வந்தது, 1998இல் கடுமையாக்கினார்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் சுடுமண் அலங்காரமும் நிறைந்த பழைய முகப்புகளுக்கு இதில் பெரும் பணம் செலவாகும். கையிருப்பு நிதி போதாவிட்டால் பங்குதாரர் தலையில் சிறப்பு வசூல் விழும்.

2024 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்குக் கரிம உமிழ்வு வரம்பு உண்டு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். பழைய நீராவிக் கொதிகலன் உள்ள கட்டடத்தில் இதற்கு என்ன திட்டம் என்று கேளுங்கள். வழக்கறிஞரை அனுப்பி நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். வசூல் வரப்போகிறது என்ற பேச்சு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும்.

வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன்.

கோஆப் உங்களுக்கு வேண்டாம், வாடகைக்கு விடுவதையும் பெரும்பாலும் குழு கட்டுப்படுத்தும். வீடே உங்கள் பெயருக்கு வரும் காண்டோ பாருங்கள்.

கிறிஸ்துமஸுக்கு டோர்மேனுக்கு, அதாவது வாசலில் நிற்கும் ஊழியருக்கு, பணம் தர வேண்டுமாமே?

தர வேண்டும். உறையில் ரொக்கமும் கைப்பட எழுதிய வாழ்த்தும் வைத்து, டிசம்பர் நடுவுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். கட்டடக் கண்காணிப்பாளருக்கு எல்லோரையும்விட அதிகம். எவ்வளவு என்று உங்கள் மாடியில் நெடுநாள் குடியிருக்கும் ஒருவரைக் கேளுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.