பக்கத்து வயல்ல வாத்துப்பட்டி, வீட்டுல கோழி சாவுது, மிச்சத்த வித்துடலாமா?

மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வீட்டுல 15 நாட்டுக்கோழி, 2 நாள்ல 4 செத்துடுச்சு, அறுவடை முடிஞ்ச பக்கத்து வயல்ல வாத்துப்பட்டி போட்டிருக்காங்க, ஒரு வியாபாரி வந்து மிச்சத்த பாதி விலைக்கு எடுத்துக்குறேங்கிறார், குடுத்துடலாமா, பறவைக்காய்ச்சலா இருந்தா புள்ளைங்களுக்கு வந்துடுமா?

குடுக்காதீங்க தம்பி. மொதல்ல, இது வெள்ளைக்கழிச்சல்ங்கிற இன்னொரு கோழி நோயாவும் இருக்கலாம், நம்ம பக்கம் நாட்டுக்கோழி கொத்தா சாகுறது பெரும்பாலும் அதுலதான். கொண்டையும் தாடியும் கருநீலமாகி தலை வீங்கி பொசுக்குனு செத்தா பறவைக்காய்ச்சல சந்தேகப்படணும். ஆனா கண்ணால பாத்து யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, என்னாலயும்தான். சாம்பிள் எடுத்து போபால்ல இருக்குற ஆய்வகம் வரைக்கும் போகணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பறவைக்காய்ச்சல்னே நெனச்சு நடந்துக்குங்க.

அந்த வியாபாரி விஷயத்துக்கு வர்றேன். கோழி சாகுற ஊரா தேடி வர்ற ஆளுங்க இருக்காங்க. உங்க கோழிய கூடைல போட்டு இன்னும் நாலு ஊர் கோழியோட சேர்த்து சந்தைக்கு கொண்டு போவாங்க, அதே கூடையும் வண்டியும் கழுவாம அடுத்த ஊருக்கு போகும். பறவைக்காய்ச்சலுக்கு தடுப்பூசி போட்டு தர்றேன்னு இன்னொரு கூட்டம் வரும். எச்5என்1ங்கிற இந்த பறவைக்காய்ச்சல் கிருமிக்கு நம்ம நாட்டுல கோழிக்கு போடுற தடுப்பூசிக்கு அனுமதியே இல்ல, நம்பாதீங்க.

வாத்து நல்லாத்தானே மேயுதுன்னு நெனப்பீங்க. இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. வாத்து ஒடம்புல கிருமி இருந்தும் நோய் தெரியாம இருக்கலாம், அது எச்சம் போட்ட தண்ணியத்தான் உங்க கோழி குடிக்குது. அப்போ வாத்து சாகவே சாகாதான்னா அதுவும் இல்ல, கேரளால குட்டநாட்டுல வாத்து கும்பலா செத்திருக்கு. அதனால வாத்து செத்தா நோய் இருக்குன்னு பயப்படணும், வாத்து சாகலன்னா நோய் இல்லன்னு மட்டும் முடிவு பண்ணிடக்கூடாது. மிச்ச கோழிய கூண்டுலயே அடைச்சு வைங்க, வாய்க்கா தண்ணி காட்டாதீங்க.

செத்தத வாய்க்கால்ல வீசாதீங்க, கீழ இருக்குற ஊரெல்லாம் அந்த தண்ணிதான். ரெண்டு பிளாஸ்டிக் பைல கட்டி நாய் தொடாத எடத்துல வச்சுட்டு, 1962க்கு போன் போடுங்க, கால்நடை மருந்தகத்துலயும் சொல்லுங்க. டாக்டர் பாத்த பிறகு மேட்டுல ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடலாம், பள்ளத்துல வெட்டுனா ரெண்டடிலயே தண்ணி ஊறிடும்.

நோய் உறுதியாகி அரசு ஆளுங்க வந்து அழிக்கிற கோழிக்குத்தான் நஷ்டஈடு, தானா செத்ததுக்கு ஒண்ணும் கிடையாது. பிறகு ஏன் ஜனங்க மறைக்க மாட்டாங்க? மொத நாளே சொன்னவனுக்கு ஒரு தொகை குடுங்கன்னு எத்தனையோ மீட்டிங்ல சொல்லி பாத்துட்டேன், தலையாட்டிட்டு டீ குடிச்சுட்டு போயிடுறாங்க. இப்ப இருக்குற விதிப்படியே பாத்தாலும், சீக்கிரம் சொன்னாத்தான் உங்களுக்கு கொஞ்சமாவது கிடைக்கும்.

புள்ளைங்க பத்தி. மனுசனுக்கு இது சுலபமா தொத்தாது. தொத்துனா லேசுல விடாது, 2003லேருந்து எச்5என்1 வந்ததா உலகத்துல பதிவானவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் இறந்திருக்காங்க, நம்ம நாட்டுல 2021ல ஒரு பையன் டெல்லில செத்தான். அதிகமும் சீக்கு கோழிய தொட்டவங்க, அறுத்தவங்க, ரெக்கை புடுங்குனவங்கதான். நல்லா வெந்த கறில பயமில்ல, ஆனா சாகப்போற கோழிய வீணாக்குவானேன்னு அறுக்குறீங்களே, அந்த அறுக்குற நேரம்தான் ஆபத்து. கூண்ட பெரியவங்க ஒருத்தர் மட்டும் மூக்கு வாய மூடிக்கிட்டு, கைல பை மாட்டிக்கிட்டு, பிளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு கூட்டணும், காய்ஞ்ச எச்சத்த தூசி பறக்க பெருக்காதீங்க. பிறகு சோப்பு போட்டு குளிங்க, சோப்புக்கே இந்த கிருமி செத்துடும்.

10 நாள் எல்லாரையும் கவனிங்க. காய்ச்சல், இருமல், கண்ணு செவக்குறது, மூச்சு வாங்குறது எது வந்தாலும் மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டுட்டு படுக்காதீங்க, அரசு ஆஸ்பத்திரிக்கு போய் சீட்டு எழுதும்போதே "வீட்டுல கோழி செத்துச்சு, நாங்க தொட்டோம்"னு சொல்லுங்க. அங்க யாரும் கேக்க மாட்டாங்க, அவ்ளோ கூட்டம், நீங்களாத்தான் சொல்லணும். ஓசெல்டாமிவிர்னு மருந்து இருக்கு, அறிகுறி தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும்.