கீட்டோசிஸ் யாருக்கு ஆபத்து? நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

குன்னூர்: அக்கா, எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, மாத்திரையும் இல்லை. அரிசியை விட்ட பிறகு சிறுநீரில் கீட்டோன் காட்டுகிறது. ரத்தம் அமிலமாகிவிடும் என்கிறார் அண்ணன்.

பயப்பட வேண்டாம். மாவுச்சத்து குறைந்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரிக்கும். இதுதான் கீட்டோசிஸ். மூளையும் தசையும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் இந்த 'கீட்டோ' உணவுமுறையில் ரத்தக் கீட்டோன் பெரும்பாலும் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். அதற்கு மேல் ஏறாமல் தடுப்பது உடம்பில் ஊறும் இன்சுலின். அண்ணன் சொல்வது கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் அளவுமீறி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை. பெரும்பாலும் இன்சுலின் போதாதபோது வருவது அது.

கோத்தகிரி: அப்பாவுக்கு டைப் 2 சர்க்கரை. டாபாக்ளிஃப்ளோசினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். கீட்டோ ஆரம்பிக்கலாமா?

டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட வேண்டாம். நான் அதிகம் கவலைப்படுவது இவரைப் போன்றவர்களைப் பற்றித்தான். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அதனால் இன்சுலின் குறைந்து கீட்டோன் கூடுகிறது. அதோடு மாவுச்சத்தையும் வெட்டினால் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே. 2015-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தது.

வீட்டு மீட்டர் 160 காட்டும். 'சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, கடும் அசதி வந்தால் பித்தம், குளிர் என்று கஷாயம் கொடுத்து இரவைக் கடத்தாதீர்கள். எஸ்டேட்டிலிருந்து இறங்க நேரமாகும், உடனே வண்டி பிடியுங்கள். மாத்திரை அட்டையைக் காட்டி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு அளவைக் குறைக்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கூடலூர்: டைப் 1 சர்க்கரை உள்ள என் மகள் முயலலாமா?

நீங்களாக வேண்டாம். எந்த உணவுமுறையிலும் அவளுக்கு இன்சுலின் ஊசி நிற்கக் கூடாது.

ஊட்டி: தோட்டத்துக் கேரட்டையும் விட வேண்டுமா?

கேரட் 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 10 கிராம், உருளைக்கிழங்கில் 17-க்கு மேல். கீட்டோவில் ஒரு நாளுக்கே 20 முதல் 50 கிராம்தான். ஆகவே கேரட் கொஞ்சம் போதும், கிழங்கு கூடாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டர் ஃப்ரூட் தாராளமாகச் சாப்பிடலாம். வர்க்கி பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும் தொடர்ந்தால் கேரட்டை விட்டும் பயனில்லை.

குன்னூர்: முதல் வாரமே தலைசுற்றல், கால் பிடிப்பு.

இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடும். நம் குளிரில் தாகமும் தெரியாது. உப்புப் போட்ட ரசமோ சூப்போ குடியுங்கள். பிரஷர் மாத்திரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கோத்தகிரி: குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். எடை குறைக்கக் கீட்டோ சரியா?

வேண்டாம் அம்மா. சர்க்கரை நோயே இல்லாத, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கடும் கீட்டோ உணவால் கீட்டோஅசிடோசிஸ் வந்திருக்கிறது. சோறு, களி, அவரைக் குழம்பு என்று பசிக்குச் சாப்பிடுங்கள். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாந்தி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.