சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர், இந்தப் பக்கம் குழந்தை

கேள்வி: எங்கள் படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கம் ஈபி மீட்டர் பெட்டி இருக்கிறது. இன்வர்ட்டரும் பேட்டரியும் அறைக்குள்ளேயே, மூன்று வயது மகளின் தலைமாட்டில். இதனால் புற்றுநோய் வரும் என்று உறவினர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சுவர் தடுக்காதா? தடுப்புத் தகடு வாங்கி ஒட்டலாமா?

பதில்: தகடு வேண்டாம். கட்டிலை இன்றைக்கே மூன்றடி தள்ளிப் போடுங்கள், அது போதும்.

மின்சாரத்தைச் சுற்றி இரண்டு புலங்கள் உண்டு. மின்புலத்தைச் சுவர் பெருமளவு தடுத்துவிடும். கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலத்தைச் சுவரும் தடுக்காது, மெல்லிய அலுமினியத் தகடும் தடுக்காது. ஆனால் தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறையும். முடி உலர்த்தும் டிரையரை ஒட்டினாற்போல் அளந்தால் சில நூறு மைக்ரோடெஸ்லாகூட (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இருக்கலாம். ஓரடி தள்ளினால் ஏழுக்குள் வந்துவிடும். மீட்டர் பெட்டியும் இன்வர்ட்டரும் இப்படித்தான். ஏசி ஓடும்போது மீட்டர் பக்கம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. வீட்டில் நாம் நடமாடும் இடங்களில் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

சரி, உறவினர் சொன்னது எங்கிருந்து வந்தது? சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் புலம் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றே அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டின. அதனால்தான் 2002-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘ஏற்படுத்தக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. காந்தப்புலம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. விலங்குச் சோதனைகளும் அதற்கு வலுச் சேர்க்கவில்லை. ஒரு தாய் தூக்கத்தைத் தொலைக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் நாளுக்குப் பத்து மணி நேரம் குழந்தை தூங்கும் இடம் அது. செலவில்லாமல் தள்ளி வைக்க முடியும்போது வைத்துவிடுவோமே.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த பேட்டரிதான். தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி என்றால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். உள்ளே இருப்பது அமிலம். குழந்தை தூங்கும் மூடிய அறையில் அது இருக்கவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காற்றோட்டமான, குழந்தைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அப்படியே எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.