மழை முழுக்க மூடிக் கிடந்த ஜெட் ஸ்கி

கேள்வி: முட்டுக்காட்டில் ஓட்டுகிற ஜெட் ஸ்கியை (தண்ணீர் ஸ்கூட்டர்) ஐப்பசி மழைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடினேன். தை பிறந்துவிட்டது. அப்படியே தண்ணீரில் இறக்கலாமா?
- ஒரு வாசகர், நீலாங்கரை

பதில்: இறக்காதீர்கள். முதலில் சீட்டைக் கழற்றிப் பாருங்கள், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் போடுவதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கிடந்தால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கவும் வாய்ப்புண்டு, அதனால் கஞ்சத்தனம் பார்க்காமல் பழையதை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால், அது உப்புக்காற்றின் வேலை, சுரண்டிவிட்டு கிரீஸ் தடவுங்கள்.

கரையில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஹோஸை மாட்டியதும் குழாயைத் திறக்கக் கூடாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆன உடனே திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகுதான் இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடலாம், அப்புறம் மெக்கானிக்குக் கொண்டாட்டம். ஹோஸ் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

அடியில் தண்ணீர் உறிஞ்சும் கம்பித் தடுப்பில் மீன்வலை நூல் சுற்றியிருக்கும், கை விடுமுன் சாவியை உருவிவிடுங்கள். பின்னால் டிரெயின் பிளக் (உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்கும் துளையின் மூடி) இரண்டையும் மூடியாயிற்றா? சரி, இப்போது இறக்கலாம்.