180 மீட்டருக்கு 60 கிகாஹெர்ட்ஸ்: மழையை விடுங்கள், மரத்தைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை செய்கிறேன். கடை ஒரு கட்டடத்தில், எடிட்டிங் அறை அதே தெருவின் கோடியில் மூன்றாவது மாடியில். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி 180 மீட்டர். ஹார்டு டிஸ்க்கைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வருகிறோம். 60 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (இரண்டு மாடிகளையும் கம்பியில்லாமல் இணைக்கும் கருவி) வைத்தால் ஒரு ஜிகாபிட் வேகம் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இந்த ஊர் மழைக்குத் தாங்குமா? நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரமும் இருக்கிறது.

பதில்: உங்கள் தூரத்துக்கு மழை பெரிய விஷயமே இல்லை. கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த மரம்தான் விஷயம்.

மழைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். காற்றிலுள்ள ஆக்சிஜனே இதை உறிஞ்சுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் போய்விடும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் கிலோமீட்டருக்கு மேலும் 29 டெசிபெல் அளவில் இழப்பு. பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும், இருபது என்றால் நூறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு கிலோமீட்டர் இணைப்பு இப்படிப்பட்ட மழையில் 44 டெசிபெல் இழந்து படுத்துவிடும். உங்கள் 180 மீட்டரில் இரண்டும் சேர்த்து 8 டெசிபெல்தான். ஒழுங்காகப் பொருத்திய கருவியால் அதைச் சமாளிக்க முடியும். வருஷத்துக்கு எவ்வளவு மழை என்று பார்க்க வேண்டாம். ஏப்ரல், மே மாத சாயங்காலங்களில் இடியோடு ஊற்றுமே, அந்த வேகம்தான் கணக்கு.

இப்போது மரத்துக்கு வருவோம். இலையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். இலை அடர்ந்த கிளை ஒன்று குறுக்கே வந்தாலே 20 டெசிபெல் சர்வ சாதாரணமாகப் போகும். மரத்தின் தலைப்பகுதி முழுக்கக் குறுக்கே நின்றால் இணைப்பே கிடைக்காது. இதில் ஏமாறுவதற்கு ஒரு வழி உண்டு. குளிர் முடியும் சமயத்தில் தூங்குமூஞ்சி இலை உதிர்த்து நிற்கும். அப்போது மாடியில் நின்று பார்த்தால் எதிர் மாடியின் தண்ணீர் டேங்க் கிளைகளுக்கு நடுவே தெரியும். டெஸ்ட் செய்தால் முழு வேகம் வரும், பணத்தைக் கொடுத்துவிடுவீர்கள். கோடை மழைக்குள் புது இலை வந்து மூடிக்கொள்ளும். அப்புறம் மழை பெய்யும்போதெல்லாம் நனைந்த கிளை கனத்துத் தொங்கி வழியை அடைக்கும். எல்லாரும் மழையால் நெட் போகிறது என்பார்கள். உண்மையில் தடுப்பது கிளை.

ஆனால் இந்த அலைக்குச் சாதகமான ஒன்றும் இங்கே இருக்கிறது. நேர்ப்பார்வை இருந்தால் மட்டும் போதாது. பார்வைக் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் காலியாக இருக்க வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸில் உங்கள் தூரத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி அரை மீட்டர் போதும். வழக்கமான வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் கிளைகளுக்கு மேலேயோ பக்கத்திலேயோ சின்ன இடைவெளி கிடைத்தாலும் பிழைக்கலாம். கருவியை மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றிப் பாருங்கள். பல சமயம் பத்தடி நகர்த்தினாலே வழி கிடைத்துவிடும். மரத்தில் கை வைக்காதீர்கள். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அதோடு, அந்தத் தெருவுக்கு நிழல் தருவதும் அந்த மரம்தானே.

உயரம் வேண்டும் என்று நீளமான பைப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். இந்தக் கருவிகள் அனுப்பும் அலைக் கற்றை சில டிகிரி அகலம்தான் இருக்கும். பைப் ஒரு டிகிரி சாய்ந்தால் எதிர்முனையில் 3 மீட்டர் விலகிவிடும். டேங்க் ஸ்டாண்டும் வேண்டாம். மாடிப்படி அறையின் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஜன்னலுக்கு உள்ளே வைக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். வெயில் தடுக்கும் பூச்சுக் கண்ணாடியில் உலோகப் படலம் இருக்கும், அது அலையைத் தடுத்துவிடும்.

இதெல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கிற வசதி பெரியது. சேனல் அகலமாக இருந்தால் வேகமும் கூடும். 60 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனலின் அகலம் மட்டும் 2,160 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2018-இல் உரிம விலக்கு பெற்ற 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மொத்தமே 605 மெகாஹெர்ட்ஸ்தான். அதையும் அல்சூர் மாதிரி நெருக்கமான இடத்தில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் வைத்துப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். கற்றை குறுகலாக இருப்பதாலும் ஆக்சிஜன் உறிஞ்சுவதாலும் அடுத்த தெருக்காரரின் 60 கிகாஹெர்ட்ஸ் கருவி உங்களைத் தொந்தரவு செய்ய வாய்ப்பு குறைவு. 60 ஜிபி கல்யாண வீடியோவுக்கு இதில் ஒன்பது, பத்து நிமிடம் ஆகும். நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் 300 மெகாபிட் நின்றால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. (ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில் 5 மில்லிமீட்டர் அலைகளை வைத்துச் சோதனை செய்துவிட்டார். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.)

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். அமெரிக்காவில் 57 முதல் 71 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். நம் நாட்டின் 2018 விலக்கு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான், 60 அதில் இல்லை. ஆன்லைனில் பெட்டி கிடைக்கிறது என்பதால் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் அனுமதிகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி (WPC) பிரிவு கொடுத்த சான்றிதழை, மாடல் எண்ணும் அலைவரிசையும் தெரிகிற மாதிரி, விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாரும் போடறாங்க சார்" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். தொழில் செய்கிற இடத்தில் இந்த ரிஸ்க் தேவையில்லை.

அந்தச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் என் யோசனை இது. முதலில் ஏரியா கேபிள்காரரிடம் பேசுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் ஏற்கனவே ஃபைபர் இழுத்திருந்தால் அதில் ஒரு இழையை மாத வாடகைக்குக் கொடுப்பாரா என்று கேளுங்கள்; கொடுத்தால் அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை. இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ். மரம் அதையும் பாதிக்கும், ஆனால் நாலு இலைக்கெல்லாம் செத்துப்போகாது. சான்றிதழோடு 60 கிகாஹெர்ட்ஸ் கிடைத்தால், உள்ளேயே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் சேர்ந்திருக்கிற மாடலாக எடுங்கள். கிளை மறைத்தாலும் வேகம் குறையுமே தவிர இணைப்பு அறுந்துபோகாது.

எதைப் போட்டாலும் இரண்டு முனையிலும் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சைத் திருப்பி, எத்தனை மெகாபிட் என்று பாருங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று நடுவில் இருந்தால் மேலே என்ன வைத்தும் பயன் இல்லை. மாடியிலிருந்து இறங்குவது வெளிப்புறத்துக்கான ஷீல்டு கேபிளாக இருக்கட்டும். எர்த்திங்கையும் சர்ஜ் புரொடெக்டரையும் இடி மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் சின்ன யுபிஎஸ் வேண்டும். கரண்ட் ஒரு பக்கம் போனாலும் கோப்பு பாதியில் நின்றுவிடும்.